பழைய லோடு ஆட்டோ எடுக்கப் போகிறவர்களே, ஜெராக்ஸை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள்

முந்தாநாள் விடியற்காலை நாலரை மணி. ராயக்கோட்டை மண்டிக்குப் போகிற வழியில் ரெண்டு பேர் பைக்கைக் குறுக்கே போட்டு என் லோடு ஆட்டோவை நிறுத்தினார்கள். செல்போனில் எதையோ காட்டினார்கள், சாவியைக் கேட்டார்கள், வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். காலி கிரேட்டுகளை மட்டும் இறக்கி ரோட்டோரம் அடுக்கி வைத்தார்கள். பெரிய மனசு. வாங்கி முப்பத்தெட்டு நாள் ஆன வண்டி. ஒரு லட்சத்து நாற்பதாயிரம் ரூபாய்.

காவேரிப்பட்டணம் பக்கம் ஊர் ஊராகப் போய்க் காய்கறி விற்கிறவன் நான். ஒன்பது வருசமாக ஸ்ப்ளெண்டரில்தான் பிழைப்பு. பின்னால் மூன்று கிரேட் தக்காளி கட்டினால் அதற்கு மேல் முடியாது. மழை வந்தால் தக்காளியும் நானும் சேர்ந்து நனைவோம். லோடு ஆட்டோ என்றால் இருபது கிரேட், அரை டன் ஏற்றலாம். இந்த ஆசையில்தான் போய் மாட்டினேன்.

செல்போனில் பழைய வண்டி விளம்பரம் வருகிற ஒரு ஆப்பில் பார்த்தேன். போட்டிருந்தது கிருஷ்ணகிரியில் பழைய வண்டி வாங்கி விற்கிற ஒரு ஆட்டோ கன்சல்டிங் கடை. பேரைச் சொல்லவில்லை, என் மேலேயே கேஸ் போட்டாலும் போடுவார். 2016 மாடல் டீசல் வண்டி, ஓட்டத் தகுதி என்று தருகிற எஃப்.சி. இருக்கிறது, இன்சூரன்ஸ் இருக்கிறது. நான் போய்ச் சேரும்போதே சைலன்சர் சுட்டது. "உங்களுக்காகத்தாண்ணா ஸ்டார்ட் பண்ணிப் பாத்து வெச்சேன்" என்றார் கடைக்காரர். காலையில் ஆறிக் கிடக்கிற எஞ்சினை அடித்துப் பார்த்தால்தான் நீலப் புகை தெரியும், அது ஆயில் குடிக்கிற வண்டி என்று அப்புறம் மெக்கானிக் சொன்னார். அன்றைக்கு எனக்குத் தோன்றவே இல்லை.

நான் விழுந்த இடம் அதுவல்ல. ஊர் எது என்று கேட்டார், சொன்னேன். "அட, எங்க சித்திய அங்கதானே குடுத்திருக்கு" என்று எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார். டீ வந்தது. தன் கையாலேயே சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தார். சாவியை மாரியம்மன் படத்துக்கு முன்னால் வைத்து எடுத்துக் கொடுத்து, "பணம் பெருசு இல்லண்ணா, உங்க குடும்பம் நல்லா இருக்கணும்" என்றார். என் வீட்டுக்காரிக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் கம்மலும் செயினும் அடகு வைத்த அறுபதாயிரம், சீட்டு எடுத்த ஐம்பத்திரண்டாயிரம், ரெண்டையும் மேசை மேல் எண்ணி வைத்தேன். என் ஸ்ப்ளெண்டரை இருபத்தெட்டாயிரத்துக்கு எடுத்துக்கொண்டார். மொத்தம் ஒரு லட்சத்து நாற்பதாயிரம். லோடு ஓட்ட பேட்ஜ் என்று தனி அனுமதி வேண்டும், எடுத்துத் தருகிறேன் என்று தனியாக நாலாயிரம் வாங்கினார். கார் லைசென்ஸ் இருந்தாலே ஏழரை டன்னுக்குள் இருக்கிற வண்டியை ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது, எனக்கு அந்த லைசென்ஸ் இருக்கிறது. அந்த நாலாயிரத்தை நான் கணக்கில்கூடச் சேர்க்கவில்லை.

வண்டி யார் பேரில் என்று காட்டுகிற ஒரிஜினல் ஆர்.சி.? "பேர் மாத்த ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல குடுத்திருக்கு, ஒரு வாரம்." கையில் தந்தது ஜெராக்ஸ்.

பைக் ஓட்டியவனுக்கு மூன்று சக்கரம் உடனே பழகாது. வளைவில் உடம்பு தானாகச் சாயும், வண்டி சாயாது. வேகமாகத் திருப்பினால் உள்பக்கச் சக்கரம் தூக்கும். குழியை முன்சக்கரம் தப்பித்துவிடும், பின்சக்கரம் சரியாக அதிலேயே போய் இறங்கும். முதல் வாரம் ரெண்டு கிரேட் தக்காளி சட்னியாகிவிட்டது. ஒருவழியாகக் கை பழகி, ரிவர்ஸ் எடுக்கத் தெரிந்து, லாபம் கண்ணில் படுகிற நேரத்தில்தான் அந்த ரெண்டு பேர் வந்தார்கள்.

வந்தவர்கள் ஃபைனான்ஸ் கம்பெனி ஆட்கள். பழைய ஓனர் இந்த வண்டியின் மேல் ஃபைனான்ஸ் வாங்கி நாலு தவணை கட்டவில்லையாம். தங்கச்சி மகன் வண்டி விவரம் காட்டுகிற எம்பரிவாகன் என்ற அரசாங்க ஆப்பில் நம்பரை அடித்து ரெண்டே நிமிடத்தில் ஃபைனான்ஸ் கம்பெனியின் பேரைக் காட்டினான். ஜெராக்ஸை மறுபடி எடுத்துப் பார்த்தோம். அந்தக் கம்பெனி பேர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் வெள்ளை. துண்டுத் தாள் வைத்து மறைத்து எடுத்திருக்கிறார்கள், தாளின் ஓரம் மெல்லிய கோடாகத் தெரிகிறது.

இந்த முப்பத்தெட்டு நாளும் ஆர்.சி. கேட்டு அலைந்த கதை வேறு. சர்வர் டவுன் என்றார். புரோக்கர் ஊரில் இல்லை என்றார். ஒரு நாள் "வீட்ல ஒரு சாவுண்ணா" என்றார், நானும் பாவம் என்று போனை வைத்துவிட்டேன். அன்று சாயங்காலம் அவர் வாட்சப் ஸ்டேட்டஸில் ஒகேனக்கல், வாழை இலையில் வறுத்த மீன். நேற்று நேரில் போனேன். சித்தி ஊர்க்காரர் நாற்காலியை விட்டு எழவில்லை. "நீங்கதானே பாத்து எடுத்தீங்க? ஃபைனான்ஸ்காரன்கிட்ட பேசிக்கோங்க." ஸ்டேஷனில் இது சிவில் மேட்டர் என்று அனுப்பிவிட்டார்கள். ஒரு லட்சத்து நாற்பதாயிரம் ஐயா, கொடுத்த ஆளின் கடை கல்லு மாதிரி அங்கேயே இருக்கிறது.

இதற்கு மேல் இன்னொன்று. போன வாரம் என் போனுக்கு ஆயிரம் ரூபாய் ஹெல்மெட் அபராதம் வந்தது, இடம் தருமபுரி. என் பழைய ஸ்ப்ளெண்டர்! யாருக்கோ விற்றுவிட்டார், பேர் இன்னும் என்னுடையதுதான். பேர் மாற்ற நான் கையெழுத்துப் போட்ட ஃபார்ம் 29ம் 30ம் அவர் டிராயரில் தூங்குகின்றன. அந்த வண்டி நாளைக்கு யாரையாவது இடித்தால் நஷ்டஈடு ஆர்.சி.யில் பேர் இருக்கிற என் தலையில் விழும்.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், மனசு ஓடவில்லை. நம்பரை ஆப்பில் நீங்களே அடித்துப் பாருங்கள். ஃபைனான்ஸ் இருந்தால், கடன் பாக்கி இல்லை என்று கம்பெனி தருகிற என்.ஓ.சி.யும் ஆர்.சி.யில் அந்தக் கடனை நீக்குகிற ஃபார்ம் 35ம் கைக்கு வராமல் அட்வான்ஸ்கூடக் கொடுக்காதீர்கள். பணத்தை பேங்கில் போடுங்கள், நான் எண்ணிக் கொடுத்ததற்கு ஒரு துண்டுச் சீட்டு இல்லை. உங்கள் பைக்கைக் கொடுத்தால், விற்றுவிட்டேன் என்று 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்கு எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

நுகர்வோர் கோர்ட்டில் ஐந்து லட்சம் வரை கட்டணம் இல்லை என்கிறார்கள். வாட்சப் மெசேஜையும் அந்த ஜெராக்ஸையும் எடுத்துக்கொண்டு திங்கட்கிழமை போகிறேன். நாளைக்கு மண்டிக்கு டவுன் பஸ்தான், கண்டக்டர் ரெண்டு கிரேட்டுக்கு மேல் ஏற்ற விட மாட்டார்.