எஸ்டிசி-1000 தெர்மோஸ்டாட்: பாம்புத் தொட்டிக்குத் தாங்குமா?

தொட்டியின் வெப்பத்தை அளந்து சூட்டை ஏற்றி அணைக்கும் கருவி, தென்னாப்பிரிக்காவில் சில நூறு ராண்டுக்குக் கிடைக்கும். டர்பனில் கார்ன் ஸ்நேக் வளர்ப்பவர்களுக்குத் தாராளமாகப் போதும். ஜோஹானஸ்பர்க் குளிர்காலத்துக்கு இதையும் ஹீட் மேட்டையும் (தொட்டிக்கு அடியில் வைக்கும் மின்சூட்டுப் பாய்) மட்டும் நம்ப முடியாது.

பெட்டிக்குள் கருவியும் சென்சார் கம்பியும்தான் இருக்கும். ப்ளக், சாக்கெட் நம் பாடு. பின்னால் எட்டு முனைகள்: 1, 2 மின்சாரம், 3, 4 சென்சார், 5, 6 சூடு, 7, 8 குளிர். 5, 6 வெறும் சுவிட்ச்தான், அதிலிருந்து 230 வோல்ட் வராது. லைவ் கம்பியை 5-க்குக் கொடுத்து 6-லிருந்து மேட்டுக்கு எடுக்க வேண்டும். மேட்டின் இரண்டு கம்பிகளையும் அதில் மாட்டிவிட்டுச் சூடே வரவில்லை என்று குறைசொல்வது வழக்கமான கதை. வயரிங் பழக்கமில்லாதவர்கள் எலக்ட்ரீஷியனிடம் கொடுத்துவிடுவது நல்லது.

கருவியின் அமைப்புகளில் எஃப்1 இலக்கு வெப்பம். எஃப்2 வித்தியாசம், அதாவது இலக்கிலிருந்து எத்தனை டிகிரி இறங்கினால் சூடு மறுபடி வரும் என்பது, 0.5 போதும். எண்ணை மாற்றியதும் பவர் பட்டனை லேசாகத் தட்ட வேண்டும், இல்லையென்றால் பழைய எண்ணுக்கே திரும்பிவிடும். சென்சார் ஒரு டிகிரி வரை பிசகலாம். வெதுவெதுப்பான நீரில் காய்ச்சல் பார்க்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டரோடு சேர்த்து வைத்துப் பார்த்து, வேறுபாட்டை எஃப்4-இல் சரிசெய்யலாம்.

சென்சாரை எங்கே வைப்பது என்பதுதான் முக்கியம். தொட்டியின் அடியில், வெளிப்புறம், மேட்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவே ஒட்டுங்கள். உள்ளே டேப் கூடவே கூடாது: பாம்பின் செதிலில் ஒட்டினால் தோலோடு உரிந்து வரும். அடியில் இருக்கும் சென்சார் உள்தரையைவிட இரண்டு மூன்று டிகிரி கூடுதலாகக் காட்டும். அதனால் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் உள்தரையை அளந்து, அது 30, 31 டிகிரியில் நிற்கும்வரை எஃப்1-ஐ நகர்த்துங்கள். குளிர்ந்த பக்கம் 24 இருந்தால் சரி. மேட் தரையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். தொட்டிக்குக் கால் வைத்து அடியில் காற்றோட இடம் விடாவிட்டால் சூடு தேங்கிக் கண்ணாடி விரிசல் விடலாம். மேட்டுக்கு மேலே, தொட்டிக்குள், மரச்சீவல் ஒரு சென்டிமீட்டர் போதும். கனமாகப் போட்டால் பாம்பு தோண்டிக்கொண்டு நேரே சுடும் கண்ணாடிக்கே போய்ப் படுக்கும்.

சென்சார் அறுந்தால் திரையில் 'ஈஈ' வரும், சூடு நின்றுவிடும். அது நல்ல ஏற்பாடு. ஆனால் சென்சார் கழன்று விழுந்தால் குளிர்ந்த காற்றை அளந்துகொண்டு மேட்டை அணைக்கவே அணைக்காது. ரிலே (கருவிக்குள் இருக்கும் சுவிட்ச்) ஒட்டிக்கொண்டாலும் அதே கதி, பாம்புக்கு வயிற்றுப்பக்கம் வெந்துபோகும். எங்கள் சிபாரிசு, இதே கருவி இன்னொன்றை வாங்கி மூன்று டிகிரி கூட்டி வைத்து, மேட்டுக்குப் போகும் அதே லைவ் கம்பியில் தொடராக இணைப்பது. இரண்டு சென்சாரையும் ஒரே டேப்பில் ஒட்டினால் இரண்டும் சேர்ந்தே விழும்.

ஜோஹானஸ்பர்க் இருக்கும் ஹைவெல்ட் மேட்டுநிலத்தின் குளிர் இரவில் மேட் தரையைத்தான் சுடவைக்கும், காற்றை அல்ல. அங்கே கம்பிக்கூண்டு போட்ட செராமிக் பல்பும் (வெளிச்சமில்லாமல் சூடு மட்டும் தருவது) வேண்டும், அதற்குத் தனி தெர்மோஸ்டாட்டும்.

லோட்ஷெடிங் (முறைவைத்த மின்வெட்டு) வந்து போனாலும் அமைத்த எண்கள் அழிவதில்லை. 20 வாட் மேட் என்றால், 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி பேட்டரி உள்ள சின்ன யுபிஎஸ் இரண்டு மணி நேரம் போலத் தாங்கும். அதற்கு மேல் மின்வெட்டு நீண்டால் தொட்டியைக் கம்பளியால் சுற்றுங்கள், காற்றுத் துளைகளை மட்டும் விட்டு. அன்றைக்கு இரையும் போட வேண்டாம். சூடு குறைந்தால் செரிக்காமல் கக்கிவிடும்.