நாகப்பட்டினமா, திருத்துறைப்பூண்டியா?

டெல்டாவில் ஏதாவது ஒரு சட்டமன்றத் தொகுதியின் அரசியல் வரலாற்றை ஊன்றிப் படிப்பது என்று போன வருடம் முடிவெடுத்தபோது, என் முன்னால் இரண்டு பெயர்கள் இருந்தன: நாகப்பட்டினம், திருத்துறைப்பூண்டி. இரண்டுமே நாகை மக்களவைத் தொகுதிக்குள் வருபவை. நான் எடுத்துக்கொண்டது திருத்துறைப்பூண்டியை.

நாகையின் ஈர்ப்பைச் சொல்லவே வேண்டாம். துறைமுகம், மீனவர் கிராமங்கள், நாகூர் தர்கா எல்லாம் அங்கேதான். 1977லும் 1980லும் அங்கே ஜெயித்தவர் மார்க்சிஸ்ட் தலைவர் உமாநாத். 2006இல் மறுபடி மார்க்சிஸ்ட், 2011இல் அ.தி.மு.க., 2016இல் இரட்டை இலையில் நின்ற தமிமுன் அன்சாரி, 2021இல் விடுதலைச் சிறுத்தைகளின் ஆளூர் ஷாநவாஸ். அந்த நான்கு முறையும் கோட்டையைப் பிடித்த அணிதான் நாகையையும் பிடித்தது. விறுவிறுப்பான கதைதான். ஆனால் ஆள், கட்சி, சின்னம் எல்லாம் ஒன்றாக மாறிக்கொண்டே போவதால், ஜெயித்தது எது என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை.

திருத்துறைப்பூண்டியில் அது முடியும். 1977 முதல் 2011 வரை ஒன்பது தேர்தல்; ஒன்பதிலும் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி. கதிர் அரிவாள் அப்படியே இருந்தது, கூட்டாளி மட்டும் மாறினார். 2006இல் தி.மு.க. அணி, 2011இல் அ.தி.மு.க. அணி, இரண்டு முறையும் ஜெயித்தவர் அதே உலகநாதன். 2016இல் மக்கள் நலக் கூட்டணி என்று இரண்டு அணிக்கும் வெளியே நின்றார்கள். தொகுதி தி.மு.க.வின் ஆடலரசனிடம் போனது. 2021இல் தி.மு.க. அணிக்குத் திரும்பினார்கள், மாரிமுத்து ஜெயித்தார்.

அப்படியானால் எல்லாம் கூட்டணிக் கணக்குதானே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் 1977 குறுக்கே நிற்கிறது. அந்தத் தேர்தலில் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி இரண்டு கழகங்களோடும் சேராமல் காங்கிரசோடு நின்றது. அப்படி நின்றும் உத்திராபதி ஜெயித்தார். அன்றைக்கு முடிந்தது 2016இல் ஏன் முடியவில்லை? இந்த ஒரு கேள்விக்காகத்தான் நாகையை விட்டுவிட்டு இங்கே வந்தேன்.

பண்ணையாட்களுக்கு மிராசுதார்கள் தண்டனையாகக் கொடுத்த சாணிப்பாலுக்கும் சவுக்கடிக்கும் எதிராக கம்யூனிஸ்ட் தலைவர் சீனிவாசராவ் கட்டிய விவசாயிகள் சங்கத்தின் மண் இது. அவருடைய நினைவிடமும் இந்த ஊரில்தான் இருக்கிறது. தஞ்சைக்கென்றே பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது 1952இல். அந்தப் போராட்டங்களை நேரில் பார்த்தவர்கள் 1977இல் நடுவயதில் இருந்திருப்பார்கள். இப்போது அறுப்பு மெஷின் வயலில் இறங்குகிறது, பிள்ளைகள் திருப்பூருக்குப் போய்விடுகிறார்கள். கூலிக்காக ஒன்றுகூடும் களம் சுருங்கியதில்தான் காரணம் இருக்கிறது என்பது என் எண்ணம். ஒரே ஒரு தோல்வியை வைத்து இதை அடித்துச் சொல்ல மாட்டேன். தொகுதி எல்லைகளை மாற்றிய 2008 மறுவரையறையையும் கணக்கில் எடுத்தாக வேண்டும்.

அடுத்து, 1977இல் ஓட்டுப் போட்ட நடவுப் பெண்களைத் தேடிப் போகப் போகிறேன்.