மலாவி மிஷன் பயணத்துக்கு சாயர் வாளி ஃபில்டர்: ஜூலையில் அற்புதம், ஜனவரியில்?

ஏழை நாடுகளுக்கு மிஷன் ட்ரிப் போகும் சபைக் குழுக்கள் கையோடு எடுத்துப் போகும் பொருள்களில் சாயர் நிறுவனத்தின் ‘பாயின்ட் ஒன்’ வாளி ஃபில்டரும் ஒன்று. ஒரு கையில் பிடிக்கிற அளவு உருளை, ஒரு ஹோஸ், வாளியில் ஓட்டை போட ஒரு கட்டர், பின்கழுவ ஒரு சிரிஞ்ச், அவ்வளவுதான் செட். மின்சாரம் வேண்டாம், விறகு வேண்டாம். ஆப்பிரிக்க நாடான மலாவியில் ஓர் ஆலய முற்றத்தில் பழுப்புத் தண்ணீரை வாளியில் ஊற்றி, மறுமுனையில் தெளிந்த தண்ணீரைக் கண்ணாடி டம்ளரில் பிடித்துப் போதகர் முதல் ஆளாகக் குடித்துக் காட்டினால், பெண்கள் குலவையிடுவார்கள், போட்டோ எடுத்தாகிவிடும், ஜெபத்தோடு கூட்டம் கலையும். முதல் பார்வைக்கு இதைவிட நல்ல பொருள் கிடைப்பது கஷ்டம். அந்த முதல் பார்வையை நம்பி நூறு குடும்பத்துக்கு வாங்கிக் கொடுப்பதில்தான் கோளாறு.

குழுக்கள் பெரும்பாலும் ஜூன் முதல் ஆகஸ்டு வரை வருகின்றன, மேலை நாடுகளில் அப்போதுதான் பள்ளி விடுமுறை. மலாவியில் அது குளிர்ந்த, மழையில்லாத காலம். ஓடைகள் ஒடுங்கித் தெளிந்து கிடக்கும். செய்து காட்டுவதற்குக் கலங்கல் தண்ணீர் வேண்டுமென்றால் கரைச் சேற்றை அள்ளிப் போட்டுக் கலக்க வேண்டும். மழை நவம்பரில் பிடித்து ஏப்ரல் வரை பெய்யும். ஜனவரியில் ஷிரே ஆறு செம்மண் குழம்பாக ஓடும். காலராவும் அப்போதுதான் தலைதூக்கும். 2022 மார்ச்சில் தொடங்கிய காலரா நாட்டின் 29 சுகாதார மாவட்டங்களுக்கும் பரவி 1,700 பேருக்கு மேல் பலி வாங்கியது. உச்சத்தில் இருந்தது 2023 ஜனவரி, பிப்ரவரி மாதங்களில். ஃபில்டர் உழைக்க வேண்டியது அந்த மாதங்களில். அதைக் கொடுத்த குழு அதற்குள் ஊர் திரும்பி, ஞாயிறு ஆராதனையில் படம் போட்டுக் காட்டி முடித்திருக்கும்.

பொருள் தன்னளவில் தரமானது, அதில் சந்தேகமில்லை. உருளைக்குள் நூல் போல மெல்லிய குழல்கள் வளைந்து அடைந்திருக்கின்றன. ஒவ்வொரு குழலின் சுவரிலும் 0.1 மைக்ரான் அளவு நுண்துளைகள். தண்ணீர் சுவரைக் கடந்து உள்ளே வரும், அழுக்கு வெளியே தங்கிவிடும். காலராக் கிருமி அரை மைக்ரான் தடிமன் உள்ளது, நுழைய முடியாது. டைபாய்டு, பாக்டீரியாவால் வரும் சீதபேதி, அமீபா, ஜியார்டியா எல்லாமே நிற்கும். வைரஸ் நிற்காது. ஹெபடைட்டிஸ் ஏ, ரோட்டா, நோரோ எல்லாம் இந்தத் துளையைவிட மிகச் சிறியவை. உப்பும் ஃபுளோரைடும் தண்ணீரில் கரைந்து கிடப்பவை, அவையும் தாராளமாகக் கடந்து போகும். பல குழுக்கள் ‘சுத்தமான குடிநீர்’ என்று ஒரே சொல்லில் அறிவித்துவிடுகின்றன. அது முழு உண்மை அல்ல.

இனி மாட்டுகிற வேலை. வாளியை அங்கேயே வாங்குங்கள். மூடியுள்ள 20 லிட்டர் வாளி மலாவிச் சந்தைகளில் கிடைக்கும். ஊரிலிருந்து சுமந்து போவது வீண். பழைய பெயின்ட் வாளி, பூச்சிமருந்து வந்த வாளி இரண்டையும் விலை குறைவு என்று தொடவே வேண்டாம். ஓட்டையை அடிமட்டத்திலிருந்து நாலு சென்டிமீட்டர் உயரத்தில் போட வேண்டும். அதற்குக் கீழே வண்டல் தங்கட்டும். அடியோடு ஒட்டிப் போட்டால் வண்டல் முழுக்க நேரே ஃபில்டருக்குள் போகும். கட்டரைக் கையால் மெதுவாகத் திருகுங்கள், அழுத்தினால் மெல்லிய பிளாஸ்டிக் கீறிவிடும். வெட்டிய விளிம்பில் நிற்கும் பிசிறைக் கத்தியால் வழித்துவிட வேண்டும். பிசிறு ஒன்று நின்றாலும் வாஷர் சரியாக உட்காராது. ஹோஸை வாளியோடு இணைக்கும் அடாப்டரைச் செருகி, வாஷர் போட்டு, நட்டைக் கையால் இறுக்கினால் போதும். ஸ்பேனர் போட்டு முறுக்கினால் ரப்பர் பிதுங்கி நெளிந்து, அங்கேதான் கசியும். கசிவைக் கண்டதும் இன்னும் இறுக்குவது எல்லோரும் செய்யும் தப்பு. கழற்றி, வாஷரை நேராக்கி, மறுபடி கையாலேயே இறுக்குங்கள்.

வாளி மேசை உயரத்தில் இருக்க வேண்டும், ஃபில்டர் கீழே தொங்க வேண்டும். தண்ணீரை அழுத்தித் தள்ளுவது அந்த உயர வித்தியாசம் மட்டுமே. வாளியைத் தரையில் வைத்துவிட்டு ‘வரவே இல்லை’ என்று சொல்கிற வீடுகளில் பழுது ஒன்றும் இருக்காது, ஒரு ஸ்டூல் போட்டால் சரியாகிவிடும். தண்ணீரை நிறுத்த, ஃபில்டரை எடுத்து வாளி விளிம்பில் உள்ள கொக்கியில் மாட்ட வேண்டும். நீர்மட்டத்துக்கு மேலே போனதும் தானாக நின்றுவிடும். புதிதாக இருக்கும்போது ஒரு வாளி ஒரு மணி நேரத்துக்குள் இறங்கும். வேகம் நன்றாகவே இருக்கிறது.

அந்த வேகம் நிலைப்பதும் போவதும் சிரிஞ்சின் கையில். நிஜமான பரிசோதனை இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம். குழல்களின் வெளிச்சுவரில் ஒட்டும் களிமண்ணை உள்ளிருந்து வெளியே தள்ளிக் கழுவ வேண்டும். சிரிஞ்ச் நிறைய, ஏற்கெனவே வடித்த தண்ணீரை எடுத்து, தெளிந்த நீர் வெளிவரும் முனையில் அழுத்திப் பிடித்து, ஒரே மூச்சில் பலமாகத் தள்ளுங்கள். மறுமுனையில் பழுப்பாக வரும். தெளிவாக வரும்வரை திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். மென்மையாகத் தள்ளுவதில் பிரயோஜனமே இல்லை. தண்ணீர் ஏற்கெனவே திறந்திருக்கும் குழல்கள் வழியே சுலபமாக வெளியேறிவிடும், அடைபட்டவை அடைபட்டபடியே இருக்கும். கூட்டத்தில் செய்து காட்டும்போது குழுவினர் சிரிஞ்சை ஊசி போடுகிற மாதிரி நிதானமாக அமுக்குவார்கள், ஊராரும் அப்படியே கற்றுக்கொள்வார்கள். பயிற்சியில் முதலில் திருத்த வேண்டியது இதைத்தான்.

அடுத்த தப்பு இதைவிட மோசமானது. அவசரத்தில் பக்கத்தில் இருக்கும் ஆற்றுத் தண்ணீரையே சிரிஞ்சில் எடுத்துத் தள்ளிவிடுவார்கள். கிருமி சுத்தமான பக்கத்துக்கே போய்விடும், இனி வடிகிற ஒவ்வொரு டம்ளரும் சந்தேகத்துக்குரியது. வெளியே பார்த்தால் எந்த வித்தியாசமும் தெரியாது. ‘வடித்த தண்ணீர் மட்டும்’ என்று அங்குள்ள சிச்செவா மொழியில் எழுதி வாளியில் ஒட்டுவது நல்லது. படிக்கத் தெரியாதவர்களுக்குப் படம் போதும்.

மழைக்காலத்தில் தினம் ஒருமுறை, வறண்ட காலத்தில் வேகம் குறையும்போதெல்லாம் கழுவினால் ஃபில்டர் தாக்குப்பிடிக்கும். செம்மண் தண்ணீரை நேரே ஊற்றாமல், ஒரு ராத்திரி வேறொரு வாளியில் தெளியவிட்டு, துணி கட்டி மேல்தண்ணீரை மட்டும் வார்த்தால் பாதி வேலை மிச்சம். அப்படிச் செய்யாத வீட்டில் ஒரு வாளி இறங்க அரை நாள் ஆகும், பிறகு சொட்டும், பிறகு ஃபில்டர் கூரை எரவாணத்துக்குப் போய்விடும். வாளி மட்டும் மாவு கொட்டி வைக்க உதவும். வாளி நல்ல வாளி.

சிரிஞ்ச் தொலைந்தால் கிராமச் சந்தையில் மாற்று கிடைக்காது. ஆகவே சபைக்கு நாலைந்து உபரியாகக் கொடுத்துவிட வேண்டும். மேலே இழுத்துத் திறக்கும் மூக்குள்ள தண்ணீர் பாட்டிலில் வடித்த நீரை நிரப்பி, மூக்கை முனையில் பொருத்திப் பிழிந்தாலும் வேலை நடக்கும். காசில்லாத உதிரிபாகம் இது, எல்லாக் குழுக்களுக்கும் ஏனோ தெரிவதில்லை.

கடின நீர் உள்ள இடத்தில் ஃபில்டர் காய்ந்து மாதக்கணக்கில் கிடந்தால் சுண்ணாம்பு படிந்து கெட்டியாகிவிடும். சிரிஞ்சே இறங்காது. வினிகரில் அரை மணி நேரம் ஊறப்போட்டு, பிறகு பின்கழுவினால் பெரும்பாலும் திறந்துகொள்ளும். கீழே விழுந்ததா, குழல் உடைந்ததா என்ற சந்தேகம் வந்தால் ஒரு சோதனை: நன்றாக நனைந்த ஃபில்டரின் உள்வாய் வழியே வாயால் ஊதிப் பாருங்கள். நனைந்த சுவர் காற்றை விடாது. காற்று தாராளமாகப் போனால் உள்ளே உடைந்திருக்கிறது, தயங்காமல் தூக்கிப் போடுங்கள். ஊதிய பிறகு அந்த வாயையும் ஃபில்டரையும் சுத்தமான தண்ணீரில் கழுவ மறக்காதீர்கள்.

பத்து லட்சம் காலன் உத்தரவாதம் என்று இந்த ஃபில்டருக்கு விளம்பரம் செய்யப்பட்டது. கணக்குப் போட்டால் சுமார் 38 லட்சம் லிட்டர். நாளுக்கு 40 லிட்டர் வடிக்கும் குடும்பத்துக்கு ஏறக்குறைய 260 ஆண்டு வரும். எண் பொய்யா மெய்யா என்பதல்ல விஷயம். ஃபில்டர்கள் லிட்டர் கணக்கில் சாவதில்லை, கழுவாமல் சாகின்றன. ஹோண்டுராஸில் வீடுகளில் 23 மாதம் புழங்கிய இதே வகை ஃபில்டர்களைப் பிரித்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2015இல் வெளியானது. சவ்வில் படிந்த அழுக்கு கழுவியும் முழுக்க நீங்கவில்லை என்றது அது. நிறுவனம் அதற்கு மறுப்புச் சொன்னது. இரண்டு தரப்பையும் வைத்துப் பார்த்தாலும், இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை யாராவது போய்ப் பார்க்காமல் விட முடியாது என்பது மட்டும் உறுதி.

வடித்த தண்ணீர் எதில் விழுகிறது? செட்டில் இரண்டாவது வாளி கிடையாது. வீட்டில் இருக்கும் திறந்த குண்டானில் பிடித்து, குழந்தைகள் கையோடு குவளையை முக்கி எடுத்தால் வடித்ததெல்லாம் வீண். குளோரின் போல ஃபில்டர் தண்ணீரில் எந்தக் காவலையும் விட்டுவைப்பதில்லை. மூடியும் குழாயும் உள்ள இரண்டாவது வாளியைக் கட்டாயம் சேர்த்துக் கொடுங்கள். பணம் போதவில்லையென்றால் குடும்ப எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள், வாளியைக் குறைக்காதீர்கள். அந்த இரண்டாவது வாளியில் உள்ளூரில் விற்கும் வாட்டர்கார்ட் குளோரின் கரைசலை பாட்டிலில் சொன்ன அளவுக்குக் கலந்தால் வைரஸ் பிரச்சினைக்கும் வழி பிறக்கும். முதலில் வடிப்பது, பிறகு குளோரின். கலங்கல் நீரில் குளோரின் மண்ணோடு மல்லுக்கட்டியே தீர்ந்துவிடும்.

எல்லா ஊருக்கும் இது பொருந்தாது. நம்மூரில் இந்தியா மார்க் 2 கைப்பம்பு எப்படியோ, அங்கே ஆஃப்ரிடெவ் அப்படி. ஆழ்துளைக் கிணற்றில் ஆஃப்ரிடெவ் நன்றாக ஓடும் கிராமத்துக்கு வீட்டு ஃபில்டரைவிட, தேய்ந்த சீலும் புஷ்ஷும் மாற்ற ஆளும் பணமும்தான் தேவை. தெற்கே சிக்வாவாப் பக்கம் நிலத்தடி நீர் பல இடங்களில் உப்பு. பம்பு இருந்தும் மக்கள் முதலை உள்ள ஷிரே ஆற்றுக்குப் போவது அதனால்தான். அங்கே இந்த ஃபில்டர் நிஜமாகவே கைகொடுக்கும், ஆற்று நீருக்கு. உப்புக் கிணற்று நீரை இதில் ஊற்றினால் உப்பு நீரே திரும்ப வரும்.

யாரிடம் கொடுப்பது என்பதிலும் முதல் நாள் மயக்கம் வேலை செய்கிறது. வரிசையில் நிற்பவர்களுக்குக் கையில் கொடுத்துவிட்டுப் போவது சுலபம். அதற்கு முன் கிராமத் தலைவரைப் பார்த்து அனுமதி கேட்பது அங்குள்ள முறை. அடுத்து, அந்தப் பகுதியின் அரசு சுகாதாரக் கண்காணிப்பு உதவியாளரைப் பாருங்கள். எந்த வீடு எந்தத் தண்ணீர் குடிக்கிறது என்று அவருக்குத் தெரியும், ஜனவரியிலும் அவர் அங்கே இருப்பார். பிரஸ்பிடீரியன் சபைகளில் பெண்கள் சங்கம் பலமானது. பிளான்டயர் சினட்டில் (சபையின் வட்டார அமைப்பு) அதற்கு ம்வானோ என்று பெயர், ன்கோமா சினட்டில் சிக்விரிசானோ. பயிற்சியை ஆண் மூப்பர்களுக்குக் கொடுத்துவிட்டுப் போனால் சிரிஞ்ச் அலமாரியில் இருக்கும். தண்ணீர் சுமப்பவர்கள் பெண்கள், கழுவப் பழக வேண்டியவர்களும் அவர்களே. சங்கத்தில் ஐந்தாறு பேருக்கு, வாளியில் ஓட்டை போடுவதிலிருந்து வினிகர் வரை, அவர்கள் கையாலேயே செய்யவைத்துக் கற்றுக்கொடுங்கள். குழுவில் ஒருவர் செய்து காட்டி மற்றவர்கள் பார்ப்பது பயிற்சி ஆகாது.

விமானத்தில் எடுத்துப் போகும்போது ஃபில்டர்கள் ஒரே பெட்டியில் மொத்தமாக இருந்தால் சுங்கத்தில் விற்பனைச் சரக்கா என்று கேள்வி வரலாம். வரவேற்கும் சபை, எண்ணிக்கை குறிப்பிட்டு நன்கொடை என்று எழுதித் தந்த கடிதம் கையில் இருக்கட்டும். குழுவினரின் சொந்தக் குடிநீருக்கும் இது உதவும், ஆனால் ஹெபடைட்டிஸ் ஏ தடுப்பூசிக்கு இது மாற்றல்ல. மலாவி ஏரியில் குளித்தால் தோல் வழியே ஏறும் பில்ஹார்சியாப் புழுவுக்கும் ஃபில்டருக்கும் சம்பந்தமே இல்லை. ஏரிக்கரை ஊரான கேப் மக்ளியரில் தண்ணீர் எவ்வளவு அழகாகத் தெரிந்தாலும் அதுதான் நிலைமை.

செய்து காட்டப் பயன்படுத்திய ஃபில்டரைத் திரும்ப எடுத்து வருவதானால் பலமாகப் பின்கழுவி, வீட்டு பிளீச் கொஞ்சம் கலந்த தண்ணீரைச் செலுத்தி, உதறிக் காயவைத்துப் பெட்டியில் போடுங்கள். ஒருமுறை நனைந்த ஃபில்டர் உறைந்தால் உள்ளே தங்கிய நீர் விரிந்து குழல்கள் வெடித்துவிடும், வெளியே ஒரு கீறல்கூடத் தெரியாது. குளிர்நாட்டுச் சபைகள் அதைக் கூடாரச் சாமானோடு காரேஜில் போட்டு வைத்து, அடுத்த ஜூலையில் மலாவிக்கு மறுபடி எடுத்துப் போகக் கூடாது. அதிகம் விற்கும் 0.1 மைக்ரான் ஃபில்டர்கள் எல்லாவற்றுக்கும் இதே விதிதான், சாயருக்கு மட்டுமல்ல.