புது வைஃபை கார்டு என்று 2,200 ரூபாய் வாங்கிக்கொண்டு, என் பழைய கார்டையே மாட்டிக் கொடுத்தார்கள்

லினக்ஸ் (விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் இலவச இயங்குதளம்) லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் பக்கம் சர்வீஸுக்குப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். கடைப் பெயரைச் சொல்லப் போவதில்லை, கேட்காதீர்கள்.

என்னுடையது பழைய லேப்டாப். லினக்ஸில் ஒரு வகையான உபுண்டு போட்டு ஓட்டுகிறேன். மொழிபெயர்ப்பு வேலைக்கு அதுவே தாராளம். ஒரு ஞாயிறு அப்டேட் கொடுத்தேன், லினக்ஸின் மையப்பகுதியான கெர்னல் மாறியது, ரீஸ்டார்ட் செய்ததும் வைஃபை அடையாளமே காணோம். மறுநாள் காலை ஒரு கோப்பை அனுப்பியாக வேண்டும். பதற்றத்தில் கடைக்குக் கிளம்பிவிட்டேன். அதுதான் நான் செய்த முதல் தப்பு. லேப்டாப்பை ஆன் செய்ததும் வரும் கிரப் மெனுவில் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்து ஏற்றிப் பார்க்க இரண்டு நிமிடம் ஆகும். அதில் வைஃபை வந்திருந்தால் கார்டு நன்றாகத்தான் இருக்கிறது, அதை இயக்கும் மென்பொருளான டிரைவரில்தான் கோளாறு என்று அங்கேயே தெரிந்திருக்கும்.

கடையில் முதல் கேள்வியே, “மேடம், உங்களுக்கு யாரு இந்த லினக்ஸைப் போட்டுக் குடுத்தாங்க?” நான்தான் போட்டேன் என்றேன். உரிமையாளர் சிரித்துக்கொண்டே உள்ளே எடுத்துப் போனார். முக்கால் மணி நேரம் கழித்துத் தீர்ப்பு வந்தது: “லினக்ஸ் போட்டதால வைஃபை கார்டு எரிஞ்சுடுச்சு மேடம். புதுசுதான் மாத்தணும்.” கார்டு 2,200, சர்வீஸ் 500. சரி என்றேன். பழைய கார்டைக் கையில் கொடுங்கள் என்று கேட்கத் தோன்றவில்லை. ஒரு மிக்ஸி ரிப்பேருக்குக் கொடுத்தால்கூடப் பழைய கப்ளரைக் கேட்டு வாங்குகிறவள் நான். லேப்டாப் என்றதும் வாய் அடைத்துப்போகிறது.

சாயங்காலம் அவர்களுடைய வெளி ஹார்டு டிஸ்க்கில் இருந்து விண்டோஸை ஏற்றி, இணையம் ஓடுவதைக் காட்டினார்கள். “இதுல ஓடுது பாருங்க. லினக்ஸ்ல வரலைன்னா அது உங்க பாடு.” ஒரு துண்டுச் சீட்டில் ‘புது வைஃபை கார்டு - 1’ என்று கையால் எழுதி, சீல் குத்திக் கொடுத்தார்கள். ஜிஎஸ்டி பில் கேட்டதற்கு, அதற்கு 18 சதவீதம் தனியாக ஆகும் என்றார்கள்.

வீட்டுக்கு வந்து உபுண்டுவை ஏற்றினால் பழைய குருடி கதவைத் திறடி. வைஃபை இல்லை.

அப்புறம்தான் நிதானமாக உட்கார்ந்தேன். போனை யூஎஸ்பி கேபிளில் இணைத்து டெதரிங் போட்டால் இணையம் வந்துவிடும், அதற்குத் தனி டிரைவர் எதுவும் தேடி நிறுவ வேண்டாம். கட்டளை அடிக்கும் டெர்மினலில், உள்ளே இருக்கும் கார்டுகளைப் பட்டியலிடும் ‘எல்எஸ்பிசிஐ -என்என்கே’ கொடுத்தேன். பிராட்காம் பிசிஎம்43142, அடையாள எண் 14இ4:4365 என்று கார்டு சமர்த்தாகப் பட்டியலில் உட்கார்ந்திருந்தது. எந்த டிரைவர் பயன்பாட்டில் இருக்கிறது என்று சொல்லும் வரி மட்டும் இல்லை. கார்டு கண்ணுக்குத் தெரிகிறது, அதை ஓட்ட ஆள் இல்லை.

இந்தச் சிப்புக்குக் கெர்னலோடு வரும் டிரைவர்கள் உதவாது. ‘டபிள்யூஎல்’ என்ற தனி டிரைவர் வேண்டும். அதற்கு பிராட்காம் 2015-க்குப் பிறகு புதுப் பதிப்பு வெளியிடவில்லை, உபுண்டு மாதிரி லினக்ஸ் வகைகளை வெளியிடும் டிஸ்ட்ரோக்காரர்கள்தான் ஒட்டுப் போட்டு ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஒவ்வொரு புதுக் கெர்னலுக்கும் டிகேஎம்எஸ் என்ற ஏற்பாடு இந்த டிரைவரைத் தானாகவே மறுபடி கட்டிக் கொடுக்கும். கட்டுவதற்கு அந்தக் கெர்னலின் ஹெடர் தொகுப்பு இருக்க வேண்டும். வட்டில் இடம் போதவில்லை என்று இரண்டு மாதம் முன்பு அந்த ஹெடர் தொகுப்புகளைத் தூக்கி எறிந்த புண்ணியவதி வேறு யாருமில்லை, நான்தான்.

ஹெடரை நிறுவினேன், டிரைவர் கட்டப்பட்டது. அதை ஏற்ற ‘மாட்புரோப் டபிள்யூஎல்’ கொடுத்தால், “கீ வாஸ் ரிஜெக்டட் பை சர்வீஸ்” என்று ஒரு பிழை. இது எனக்குப் புதிது. தேடிப் பார்த்தால் செக்யூர் பூட் விவகாரம். அது இயங்கும்போது, நம்பகமான சாவியால் கையெழுத்திடப்படாத டிரைவரைக் கெர்னல் உள்ளே விடாது. ஆனால் நான் செக்யூர் பூட்டை வாங்கிய அன்றே அணைத்து வைத்தவள். ‘மாக்யூட்டில்’ கட்டளையில் கேட்டால், இயங்குகிறது என்கிறது. கடையில் பயாஸை, அதாவது லேப்டாப்பின் அடிப்படை அமைப்புகளைத் தொட்டிருக்கிறார்கள், தொட்டதைச் சொல்லவில்லை. ஆக, என் ஒரு கோளாறோடு போன பெட்டி இரண்டு கோளாறோடு திரும்பியிருக்கிறது. பயாஸில் போய் மறுபடி அணைத்தேன். அணைக்க விரும்பாதவர்கள் டிரைவரின் சாவியை மாக் என்ற நம்பகமான சாவிகளின் பட்டியலில் பதிந்துகொள்ளலாம். ரீஸ்டார்ட்டில் ஒரு நீலத்திரை வந்து, நீங்கள் வைத்த கடவுச்சொல்லைக் கேட்கும், அவ்வளவுதான்.

வைஃபை வந்தது. வீட்டு இணைப்பிலும் சேர்ந்துகொண்டது. அங்கேதான் எனக்கு இடித்தது.

மாடி வீட்டுப் பையன்கள் எப்படியோ எங்கள் கடவுச்சொல்லைத் தெரிந்துகொண்டதிலிருந்து, ரவுட்டரில் மேக் வடிகட்டி போட்டு வைத்திருக்கிறேன். பதிந்து வைத்த மேக் முகவரி உள்ள கருவிகளுக்கு மட்டுமே அனுமதி. ஒவ்வொரு நெட்வொர்க் கார்டுக்கும் தனி முகவரி. புதுக் கார்டு என்றால் ரவுட்டர் அதை வாசலிலேயே நிறுத்தியிருக்க வேண்டும். போனிலிருந்து ரவுட்டருக்குள் போய்ப் புது முகவரியைச் சேர்க்கலாம் என்று நான் கை வைப்பதற்குள், உரிமையோடு உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டது. கார்டின் முகவரியைக் காட்டும் ‘ஐபி லிங்க்’ கொடுத்துப் பார்த்தேன். ரவுட்டர் பட்டியலில் நான் என்றோ பதிந்த அதே 12 எழுத்து, எண்கள்.

ஸ்க்ரூவைக் கழற்றிப் பின்மூடியைத் திறந்தேன். கார்டின் மேல் கடை சீல் போட்ட வெள்ளி வாரண்டி ஸ்டிக்கர் பளபளவென்று. உரித்தால் அடியில் பழைய லேபிள், அதிலும் அதே முகவரி.

எரிந்த கார்டு விண்டோஸில் எப்படி ஓடும்? அதை ஏற்றிய நிமிடமே கார்டு நன்றாக இருப்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறார்கள்.

மறுநாள் கோப்பை அனுப்பிவிட்டு நேரே கடைக்குப் போனேன். “சாஃப்ட்வேர்ல அந்த நம்பர் காப்பி ஆயிருக்கும் மேடம்” என்றார் உரிமையாளர். மென்பொருளில் மேக் முகவரியை மாற்றிக் காட்டலாம், உண்மைதான். காகித லேபிளில் அச்சாகியிருப்பதும் காப்பி ஆகுமா என்று ஸ்டிக்கர் உரித்த போட்டோவைக் காட்டினேன். உடனே கதை மாறியது: “அதையே எடுத்து சிப் லெவல் சர்வீஸ் பண்ணிப் போட்டோம்.” அப்படியானால் சீட்டில் ‘புது’ என்று ஏன் எழுதினீர்கள்? பதில் இல்லை. பில் தராமல் விற்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். 5 லட்சம் ரூபாய் வரையுள்ள வழக்குக்கு மாவட்ட ஆணையத்தில் கட்டணமே கிடையாது. இரண்டையும் சொல்லி, அங்கேயே நின்றபடி 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணைப் போனில் அடிக்கத் தொடங்கினேன். அழைப்பு போவதற்குள் கல்லா திறந்தது.

2,200 திரும்பி வந்தது. 500 வரவில்லை. அது ‘செக்கிங் சார்ஜ்’ ஆகிவிட்டதாம். சண்டை போடத் தெம்பில்லாமல் விட்டுவிட்டேன், இப்போது நினைத்தால் எரிகிறது. சீட்டும் ஸ்டிக்கரும் ஒரு கவரில் பத்திரமாக இருக்கின்றன.

படியிறங்கும்போது கடையில் வேலை பார்க்கும் பையன் ஓடி வந்தான். பதினெட்டு, பத்தொன்பது வயதிருக்கும். “அக்கா, கார்டு நல்லா இருக்குன்னு காட்டுற அந்தக் கமாண்ட் என்னதுக்கா?” என்று மெதுவாகக் கேட்டான். வராந்தாவிலேயே லேப்டாப்பைத் திறந்து அடித்துக் காட்டினேன்.