இரண்டு தம்பதிகள், இரண்டு சொத்துக் கதைகள்

ஃபுளோரன்ஸின் உஃபிசி அருங்காட்சியகத்தில் இருக்கும் இரண்டு தம்பதிப் படங்களை அடுத்தடுத்துப் பார்த்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும்.

பியரோ டெல்லா ஃபிரான்செஸ்கா வரைந்த, இத்தாலிய நகரான உர்பினோவின் கோமகன் ஃபெடரிகோவும் மனைவி பட்டிஸ்டாவும் பக்கவாட்டில் ஒருவரையொருவர் நோக்குகிறார்கள். போட்டிச் சண்டையில் வலக்கண்ணை இழந்தவர் என்பதால் ஃபெடரிகோவின் இடப்பக்கம் மட்டுமே தெரிகிறது. மூக்குத்தண்டின் வெட்டை ஓவியர் மறைக்கவில்லை. பட்டிஸ்டாவின் முகமோ வெளிறிப்போயிருக்கிறது. 1472-இல் அவர் இறந்தார். படத்தின் பின்புறம் எழுதியுள்ள வாசகம் அவரை இறந்தகாலத்தில் பேசுவதால், அதன் பிறகே வரைந்தது என்பார் பலர். பின்புறத்தில் அவரது தேரை ஒற்றைக்கொம்புக் குதிரைகள் இழுக்கின்றன.

ரஃபேல் வரைந்த அக்னோலோ டோனி வெறும் வணிகர், ஆனால் பணக்காரர். 1504-இல் மணந்த மத்தலேனா ஸ்ட்ரோஸிக்கு அப்போது வயது பதினைந்துதான். அவர் அமர்ந்திருக்கும் தோரணை அப்படியே மோனாலிசா! மோதிரங்களும் கழுத்தில் தொங்கும் முத்தும் வீட்டு வசதியைச் சொல்லிவிடுகின்றன. இங்கும் பின்புறத்தில் ஓவியம் உண்டு: கிரேக்கப் புராணப் பிரளயமும், கல்லெறிந்து மனிதரை உண்டாக்கும் தம்பதியும். வேறொருவர் கைவண்ணம். பிள்ளை வரம் வேண்டித்தான், வேறென்ன!

கைமாறிய கதையில் எனக்குப் பிடித்தது டோனி வீட்டாருடையதே. உர்பினோ இணை 1631-இல் உர்பினோ கோமகன் குடும்பத்தின் கடைசி வாரிசான விட்டோரியா டெல்லா ரோவெரேயின் வாரிசுச் சொத்தாக, ஃபுளோரன்ஸை ஆண்ட மெடிச்சி குடும்பத்திடம் வந்தது. டோனி இணையோ மூன்று நூற்றாண்டு குடும்பத்திலேயே இருந்து, 1826-இல்தான் டஸ்கனிப் பெருங்கோமகன் இரண்டாம் லியோபோல்டுக்கு விற்கப்பட்டது. பிட்டி அரண்மனையிலிருந்து 2018-இல் உஃபிசிக்கு மாறியபோது, அதே அக்னோலோவுக்காக மைக்கலாஞ்சலோ வரைந்த வட்ட ஓவியத்தோடு ஒரே அறையில் வைத்தார்கள்.