சவுக்குக் கட்டையில் கிடைத்த பூஞ்சைக்கு எந்தக் காப்பு?

கடலூர்க் கரையோரச் சவுக்குத் தோப்புகளில் வெட்டிப்போட்ட கட்டைகள் மழையில் ஊறி, வெளிறி, நார்நாராக உதிர்வதுண்டு. அது வெள்ளை அழுகல் பூஞ்சைகளின் வேலை. டிராமெட்டிஸ் வெர்சிகலர் போன்றவை லாக்கேஸ், மாங்கனீசு பெராக்சிடேஸ் முதலிய நொதிகளைச் சுரந்து, காகிதக்கூழுக்குப் பழுப்பேற்றும் லிக்னினைச் சிதைக்கின்றன. வெளுப்புக்கான குளோரின் செலவைக் குறைக்கவல்ல புதிய ரகமொன்றை இங்குள்ள ஆய்வாளர் பிரித்தெடுத்தால், அவர் பூஞ்சைக்கே காப்புரிமை கேட்கலாம், செய்முறைக்குக் கேட்கலாம், அல்லது வாய்திறக்காமல் ரகசியமாக வைத்துக்கொள்ளலாம்.

முதல் வழி கவர்ச்சியானது. ஆனால் நம் நாட்டில் அதுவே மிகவும் வலுவற்றது. 1970-ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம், பிரிவு 3(ஜே)-இல் தாவரங்களையும் விலங்குகளையும் விலக்கும்போது நுண்ணுயிரிகளுக்கு இடம் விட்டிருந்தாலும், இயற்கையில் உள்ள உயிரியைக் கண்டெடுத்தது கண்டுபிடிப்பாகாது என்று பிரிவு 3(சி) கதவைச் சாத்திவிடுகிறது. அமெரிக்காவில் 1980-இல் ஆனந்த சக்கரவர்த்தி என்ற ஆய்வாளர் காப்புரிமை வழக்கில் வென்றதும் தாம் மாற்றியமைத்த பாக்டீரியாவுக்காகத்தான். ஐரோப்பாவிலோ, இயற்கையிலிருந்து தனியாகப் பிரித்தெடுத்த உயிரியல் பொருளுக்கும் காப்புரிமை கிடைக்கக்கூடும். ஆகவே மரபணு மாற்றமோ தூண்டிய திடீர்மாற்றமோ இல்லாத சவுக்குப் பூஞ்சையை வைத்துச் சென்னை அலுவலகத்தில் வாதாடுவது வீண் செலவு என்பேன். கடலூர், புதுச்சேரி விண்ணப்பங்கள் இரண்டும் அங்கேதான் போகின்றன.

ரகசியம் செலவில்லாதது. ஆனால் வணிக ரகசியத்துக்கெனத் தனிச் சட்டம் நம்மிடம் இல்லை, ஒப்பந்தமே துணை. பூஞ்சையை வளர்த்து வைக்கும் சாய்வு ஊடகக் குழாய் ஒன்று சட்டைப்பையில் வெளியேறினால் எல்லாம் போயிற்று.

செய்முறைக் காப்புரிமைதான் என் தேர்வு, ஆயினும் எதன் செய்முறை என்பதில் கவனம் வேண்டும். உயிருள்ள பூஞ்சை கூழை வெளுக்க நாள்கணக்கில் எடுத்துக்கொள்ளும். எந்த ஆலையும் கூழை அவ்வளவு காலம் தேக்கி வைக்காது. கூழின் நாரிலுள்ள சைலானைச் சிதைத்து லிக்னின் வெளியேற வழிவிடும் சைலனேஸ் போன்ற நொதி சில மணி நேரத்தில் வேலையை முடிக்கும். எனவே நொதியை உற்பத்தி செய்யும் முறையையும், குளோரின் டை ஆக்சைடால் வெளுக்கும் நிலைக்கு முன் அதைச் செலுத்தும் வெப்பநிலை, கார அமில அளவு, நேரம் ஆகியவற்றையும் கோருவதே பயன் தரும். ரகத்தைச் சொற்களால் மட்டும் முழுமையாக விளக்க இயலாததால், 1977 புடாபெஸ்ட் உடன்படிக்கையின்கீழ் சண்டிகரிலோ புனேயிலோ உள்ள சேமிப்பகத்தில் மாதிரியை ஒப்படைக்க வேண்டியிருக்கும். அங்கே அது குறைந்தது 30 ஆண்டுகள் இருக்கும். காப்புரிமையோ 20 ஆண்டுகளில் முடியும்.

பூஞ்சை எடுத்த இடத்தை விண்ணப்பத்தில் குறிப்பிடுவதும், பல்லுயிர்ச் சட்டத்தின் 2023 திருத்தத்தின்படி காப்புரிமை வழங்கப்படுமுன் தேசிய பல்லுயிர் ஆணையத்தில் பதிவதும் கட்டாயம். விற்பனைக்கு வரும்போது தனி ஒப்புதலும் தேவை. முன்னதாக வெளியிட்டால் புதுமை என்ற தகுதி போய்விடலாம் என்பதால், ஆய்விதழுக்குக் கட்டுரை அனுப்புவதை மட்டும் விண்ணப்ப எண் கைக்கு வரும்வரை ஒத்திப்போட வேண்டும்.