டச் பில்லிங் மெஷின் வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்

23,500 ரூபாய் போச்சு. நேற்று சாயங்காலம்தான் கடைக்காரர் கடைசியாகக் கையை விரித்தார். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

கோத்தகிரிப் பக்கம் சிறு விவசாயிகளிடம் பச்சைத் தேயிலை வாங்கி ஃபேக்டரிக்கு அனுப்புவது என் தொழில். மூட்டை வரும், தராசில் எடை பார்ப்பேன், ரசீது போட்டுக் கொடுப்பேன். ஐப்பசி மழையில் எங்கள் கொட்டகையில் காய்ந்த பொருள் என்று எதுவும் இருக்காது. இலை நனைந்திருக்கும், மூட்டை சொட்டும், கை ஈரமாகவே இருக்கும். விடிகாலையில் கம்பளிக் கையுறை இல்லாமல் பேனா பிடிக்க முடியாது. கோயம்புத்தூரில் ஒரு பில்லிங் மெஷின் கடையில் இதையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னேன்.

"அதுக்குன்னே ஒண்ணு இருக்குதுங்ணா" என்று ஒரு மெஷினை எடுத்து மேசையில் வைத்தார். தன் பேனாவின் மூடியைக் கழற்றி என் கையில் கொடுத்து, "இதுல அழுத்திப் பாருங்க" என்றார். அழுத்தினேன். திரையின் மேல்தாள் துளி அமுங்கியது, எண் பட்டென்று விழுந்தது. அப்புறம் பாட்டிலிலிருந்து தண்ணீரைத் திரையில் தெளித்தார். தானாக ஓர் எண்கூட விழவில்லை. ஒரு காலத்தில் நான் வைத்திருந்த நோக்கியா 5800 ஞாபகம் வந்தது. அதையும் இப்படித்தான் அழுத்துவோம், நகம் பட்டாலே வேலை செய்யும். அந்த இடத்தில்தான் நான் நம்பினேன். நின்ற இடத்திலேயே போனில் 23,500 ரூபாய் அனுப்பினேன். புதுப் பெட்டி பார்சலில் வரும் என்றார்.

வந்தது. அதே நிறம், அதே உடம்பு. திரை மட்டும் வழவழவென்ற கண்ணாடி. பேனா மூடிக்கு அசையவில்லை, கையுறைக்கும் அசையவில்லை. சரி என்று கையுறையைக் கழற்றினால், ஈர விரலுக்கு 2 தொட்டால் 5 விழுகிறது. மூன்றாம் நாள் ஒரு பாட்டியின் இலை 24 கிலோ. மூட்டையைத் தூக்கும்போது ஒரு சொட்டு திரையில் விழுந்திருக்கிறது, ரசீதில் 244 என்று வந்துவிட்டது. "தம்பி, உள்ளதைப் போடு போதும்" என்று திருப்பிக் கொடுத்தார். கூடுதலாக விழுந்ததால் கண்ணில் பட்டது. குறைந்திருந்தால் யாருக்குத் தெரியும்? என் தராசை நம்பி இலை கொண்டுவருகிறவர்கள் அவர்கள்.

பாலிடெக்னிக்கில் படிக்கும் அக்கா மகன் பார்த்தவுடன் சொல்லிவிட்டான். கடையில் காட்டியது ரெசிஸ்டிவ். அதில் மின்சாரம் கடத்தும் பூச்சுள்ள இரண்டு அடுக்குகள் சிறு இடைவெளி விட்டு இருக்கும். அழுத்தினால் ஒன்றையொன்று தொடும், எந்த இடம் என்பதை மின்னழுத்தத்தை வைத்து மெஷின் கண்டுபிடிக்கும். வேண்டியது அழுத்தம் மட்டும்தான், அது விரலா குச்சியா என்று பார்க்காது. வந்தது கெபாசிட்டிவ். கண்ணாடிக்கு அடியில் மின்புலம் இருக்கும், நம் விரல் அதைக் கலைப்பதைத்தான் அது தொடுதல் என்று எடுத்துக்கொள்கிறது. கம்பளி நடுவில் வந்தால் விரல் அதற்குத் தெரியாது. தண்ணீர் விழுந்தால் அதையே விரல் என்று குழம்பும். இன்றைய போன்கள் எல்லாம் இந்த வகைதான். திரை தெளிவாக இருக்கும், மெல்லத் தொட்டாலே போதும். துணிக்கடைக்கு இதுவே நல்லது. ரெசிஸ்டிவ் திரை கொஞ்சம் மங்கல், மேல்தாளில் கீறல் விழும். ஆனால் எனக்கு வேண்டியது அதுதானே, அதற்குத்தானே 23,500 கொடுத்தேன்!

போன் செய்தேன். முதலில் "சாஃப்ட்வேர் அப்டேட் பண்ணுங்ணா." மறுநாள் "கையைத் தொடைச்சுட்டுத் தொடுங்க." அதற்கடுத்து "மலைக் குளுருக்கு அப்படித்தான் இருக்கும்." கடைசியில் வேறொருவர் எடுத்து, "பெட்டி பிரிச்சாச்சு சார், ரிட்டர்ன் கிடையாது" என்றார். அண்ணா சார் ஆகிவிட்டேன். பில்லை எடுத்துப் பார்த்தால் 'டச் பில்லிங் மெஷின்' என்று மட்டும் இருக்கிறது, எந்த வகை என்று ஒரு வார்த்தை இல்லை.

வாங்குகிறவர்கள் தயவுசெய்து ரெசிஸ்டிவா கெபாசிட்டிவா என்று பில்லில் எழுதி வாங்குங்கள், மாடல் எண்ணோடு. உங்கள் கையுறையையே கொண்டுபோய் அழுத்திப் பாருங்கள். கையுறையிலும் ஈரத்திலும் வேலை செய்யும்படி அமைத்த கெபாசிட்டிவ் திரைகளும் இருக்கின்றன, ஆனால் வாய்ச்சொல்லை நம்பாதீர்கள். சோதித்த மெஷினையே கையோடு எடுத்து வாருங்கள். பார்சல் என்றால் பெட்டி பிரிப்பதை வீடியோ எடுங்கள். நான் எடுக்கவில்லை.

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் போன் செய்து புகார் சொல்லியிருக்கிறேன். அதற்கும் மசியவில்லை என்றால் ஊட்டி நுகர்வோர் ஆணையம்தான். பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் வழக்குக் கட்டணம் இல்லை, நாம் இருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். 23,500 ரூபாயை விடமாட்டேன். இன்று காலையும் கார்பன் தாள் வைத்து ரசீது புத்தகத்தில்தான் எழுதினேன்.